துரையின் காரில் தேங்காயெண்ணெய்

கொழும்பிலிருந்து பழைய கார்களை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் கற்பிட்டிக்குப் போகும் வழியில் சில நேரம் புத்தளத்தில் என் வீட்டு வாசலில் நிறுத்துவார்கள். யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். போன மாதம் வந்தவர்களில் ஒருவர், கண்ணாடி போட்ட நல்ல பிள்ளை, தன்னுடைய ஆறு சிலிண்டர் காரின் மூடியைத் திறந்து காட்டினார். முகம் பார்க்கலாம் போலத் துடைத்து வைத்திருந்தார். உள்ளே என்ன ஒயில் ஊற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். கடையில் கிடைக்கிற ஆக உயர்ந்த புது ஒயிலின் பெயரைச் சொன்னார். எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றிக் கழுவாமல் அதை ஊற்றக் கூடாது என்றேன். அந்தக் காலத்து ஒயில் அழுக்கைக் கீழே படிய விட்டுவிடும். இந்தக் காலத்து ஒயில் அழுக்கைக் கரைத்துத் தூக்கும். ஐம்பது வருடத்துச் சேறு ஒரேயடியாகக் கிளம்பினால் ஒயில் போகிற வழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். இதைத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "ஐயா, நீங்கதானே யுத்தக் காலத்தில இதுக்குள்ள தேங்காயெண்ணெய் ஊத்தி ஓடினது?" என்றார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த வயதில் கோபம் உடம்புக்கு ஆகாது என்று மகள் சொல்கிறாள். ஆகாவிட்டால் போகட்டும். நாற்பது வருடம் ஸ்பானர் பிடித்தவனைப் பார்த்து, தெரியாத்தனத்தால் எஞ்சின்களைக் கொன்றவன் என்று ஒருவர் சிரித்துவிட்டுப் போனால் அதை விழுங்கிக்கொண்டு இருக்க நான் பழகவில்லை. ஆகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் யாராவது வந்து முகத்துக்கு நேரே சொல்லட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த கராஜ் புத்தளத்தில் கொழும்பு ரோட்டோரம் இருந்தது. முதல் இரண்டு வருடம் தரை துடைத்தது, ரயருக்குக் காற்றடித்தது, திட்டு வாங்கியது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வருடம் என்னை ஒயில் வேலைக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் அதைக் கீழான வேலை என்று நினைத்தார்கள். கீழேதான் படுக்க வேண்டும், அது உண்மை.

எங்களுக்கு மேலே இருந்தவர் செபமாலை பாஸ். சிலாபத்துக்காரர், கத்தோலிக்கர். மெலிந்த ஆள். தமிழும் சிங்களமும் இங்கிலீசும் ஒரே சத்தத்தில் பேசுவார், அதாவது சத்தமே இல்லாமல் பேசுவார். வெள்ளைக்காரத் துரைமார் வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டுவார். எனக்கு அது பிடிக்காது. இந்த மனிதனுக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்று பல தடவை நினைத்திருக்கிறேன். அந்த நினைப்பை மறைக்கவும் எனக்குத் தெரியாது, முகத்தில் தெரிந்துவிடும். அவர் கண்டுகொண்டதாகக் காட்டியதில்லை.

அவரிடம் வெள்ளை எனாமல் கோப்பை ஒன்று இருந்தது. சோறு தின்கிற கோப்பைதான். ஒரு வாகனத்தின் ஒயிலை மாற்றுவதென்றால் முதலில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் ஒயிலை இறக்கினால் ஒயில் மட்டும் வரும், அழுக்கு உள்ளே படுத்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே அடியில் படுத்து ஆணியைக் கழற்ற வேண்டும். கை சுடும், சுடத்தான் வேண்டும். முதலில் வருவதை வாளியில் விட்டுவிட்டு, கடைசியாகத் தடிப்பாக வருவதில் ஒரு கரண்டி அளவைக் கோப்பையில் பிடித்து வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். கோப்பையை மெல்லச் சரித்தால் ஒயில் ஒரு பக்கம் வடியும், வெள்ளையில் மிச்சம் தங்கும். பால் போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் இறங்குகிறது. நகத்தால் கீறும்போது கிரீச்சென்றால் மணல். வெள்ளி போல ஒரு பொட்டு மினுங்கினால் எஞ்சின் தண்டைத் தாங்குகிற பெயரிங் கரைகிறது. அந்தக் காலத்துப் பெயரிங்குகளில் உள்ளே ஈயம் மாதிரி மெதுவான உலோகம் வார்த்திருப்பார்கள், நாங்கள் வெள்ளை ஈயம் என்போம். ஒயில் இருக்கும்வரை அது நூறு வருடமும் இருக்கும். ஒயில் ஒரு நிமிடம் நின்றால் உருகிவிடும்.

செபமாலை பாஸ் கோப்பையை என் முன்னால் நீட்டி, "என்ன தெரியுது?" என்று கேட்பார். அவ்வளவுதான். உதவி ஒன்றும் செய்யமாட்டார். ஒரு தடவை சிலாபம் பஸ் ஒன்றின் ஒயிலைப் பார்த்து எல்லாம் சரி என்றேன். அவர் கோப்பையை எடுக்கவில்லை. மறுபடியும் பார்த்தேன், சரி என்றேன். அப்போதும் எடுக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாவது தடவை, கோப்பையின் விளிம்போரம், கடுகில் பாதி அளவு ஒரு மினுக்கம். பஸ்ஸை அன்று ஓட விடவில்லை. அடியைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு பெயரிங் விளிம்பு பிளந்து நின்றது. மறுநாள் முப்பது சனத்தோடு அது நடுரோட்டில் வெடித்திருக்கும். பாஸ் பாராட்டவில்லை. "மூண்டாவது தடவ" என்று மட்டும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு கோப்பையையும் முதல் தடவையில் நம்பியதில்லை.

இன்னொரு கட்டளை. எங்கள் கராஜில் எஞ்சினுக்குள் போகிற எதையும் பஞ்சாலோ நூல் உதிர்கிற துணியாலோ துடைக்கக் கூடாது. இடுப்பில் கட்டிக் கிழிந்த பழைய வெள்ளைச் சாரத்தை நூறு தடவை துவைத்து, ஓரம் தைத்து வைத்திருப்போம், அதால் மட்டும்தான் துடைக்கலாம். ஏனென்றால் ஒயில் பம்பின் வாயில் கம்பி வலை ஒன்று இருக்கிறது. ஒரு நூல் போனால் அங்கேதான் போய்ச் சுற்றும். புது ஒயிலை ஊற்றிய பிறகும் உடனே எஞ்சினைக் கிளப்பக் கூடாது. கைப்பிடியைப் போட்டு இருபது சுற்றுச் சுற்றி, ஒயிலை மேலே ஏற்றி, அதற்குப் பிறகுதான் கிளப்ப வேண்டும். கிளப்பியவுடன் கண் ஒயிலின் அழுத்தம் காட்டுகிற மீற்றரில் இருக்க வேண்டும். முள் எழும்பாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

இனித் தேங்காயெண்ணெய்க்கு வருகிறேன். இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் பெற்றோலுக்குக் கூப்பன் வந்தது, ஒயிலுக்கு அனுமதிச் சீட்டு வந்தது, கிரீஸ் கண்ணிலேயே படவில்லை. நாங்கள் மாட்டுக் கொழுப்பையும் தேங்காயெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி வண்டிகளின் வில்லுத் தட்டுகளுக்குப் போட்டோம். கதவுக் கீல்களுக்குப் போட்டோம். ஓம், போட்டோம். எஞ்சினுக்குள் போடவில்லை. மதுரங்குளியில் ஒரு லொறிக்காரர் எங்களிடம் கேட்காமல் தன் எஞ்சினுக்குள் முழுக்கத் தேங்காயெண்ணெயை ஊற்றிக்கொண்டு சிலாபத்துக்குப் புறப்பட்டார். வழியெல்லாம் பலகாரம் சுடுகிற வாசம் அடித்ததாம், நாய்கள் பின்னாலேயே ஓடினவாம். சிலாபத்துக்கு அவர் போய்ச் சேரவில்லை. நாங்கள் கழற்றியபோது பிஸ்டன் வளையங்கள் பலாக்காய்ப் பாலில் ஒட்டின மாதிரிப் பிசினாகி இருந்தன. தேங்காயெண்ணெய் எஞ்சினைக் கெடுத்தால் எப்படிக் கெடுக்கும் என்பதை அன்று கண்ணால் பார்த்துவிட்டேன். அது பிறகு எனக்கு உதவியது.

மதுரங்குளிப் பக்கத்தில் ஒரு பெரிய தென்னந்தோட்டம் இருந்தது. அதை நடத்தியவர் வெள்ளைக்காரத் துரை. அவருடைய காரைப் பராமரித்தது நான். யுத்தக் காலத்தில் அனுமதிச் சீட்டுக்கு அவருக்குக் கிடைத்த ஒயில் ரின்னை எங்கள் கராஜ் அலுமாரியில்தான் பூட்டி வைத்தோம். திறப்பு ஒன்றே ஒன்று, அது என் இடுப்புப் பட்டியில். காரை ஓட்டியவன் மரியான், கற்பிட்டிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. என் வயதுதான் இருக்கும், அப்போதே ஐந்து பிள்ளைகள். அண்ணன் முறையில் என்னை நானா என்பான். காரைத் தன் வள்ளம் போலப் பார்த்துக்கொள்வான்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் காரைக் கற்பிட்டி ரோட்டிலிருந்து இரண்டு மாடு கட்டி இழுத்து வந்தார்கள். பின்னாலேயே தோட்டத்து லொறியில் துரை வந்து இறங்கினார். முதல் நாள் ரோட்டில் நின்றுவிட்டது என்றார். கைப்பிடியைப் போட்டேன். எஞ்சின் கல்லாக இருந்தது. ஒயிலை இறக்கினேன். வாளிக்கு மேலே குனிந்தவுடன் எனக்கு வாசம் தெரிந்துவிட்டது, காறல் ஏறிய தேங்காயெண்ணெய். துரைக்கும் மூக்கு இருந்தது. அவரும் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"திறப்பு யார்கிட்ட?" என்று தமிழிலேயே கேட்டார்.

"என்னட்ட" என்றேன்.

"நீ கள்ளன். என் ஒயில் வித்தது. தேங்காயெண்ணெய் போட்டது."

கராஜில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர் செபமாலை பாஸிடம் இங்கிலீசில் பேசினார். யுத்த நேரம், அனுமதி ஒயிலைத் திருடுவது பொலிசுக்குப் போகிற குற்றம். ஆனால் தான் இரக்கமுள்ள மனிதன். புதன்கிழமை ஒரு தாள் கொண்டுவருவார், நான் அதில் ஒப்பம் வைத்துவிட்டு வேலையை விட்டுப் போனால் போதும். பாஸ் கையை முதுகில் கட்டிக்கொண்டு தலையாட்டினார். "எஞ்சினைத் திறந்து பார்த்து வைக்கிறோம்" என்று மட்டும் சொன்னார். லொறி போனதும் நான் அவரிடம் கத்தினேன்.

"பாஸ், உங்களுக்குத் தெரியாதா? நான் களவெடுப்பேனா?"

"கீழ படு" என்றார். "முதல்ல பாரு. பொறகு கத்து."

சாக்கைப் போட்டுப் படுத்தேன். பார்த்தவுடன் கத்த வேண்டிய தேவை போய்விட்டது. எஞ்சினின் அடித்தட்டில், நாங்கள் சம்ப் என்போம், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். நசுங்கலின் நடுவில் வெள்ளையாக ஒரு கீறல். விரலால் தடவினேன், முருகைக்கல்லின் பொடி. கடற்கரையில் வற்று நேரத்தில் வெளியே தெரிகிற கல். ரோட்டில் அந்தக் கல் இல்லை.

தட்டை இறக்கினோம். நசுங்கின இடம் நேராக ஒயில் பம்பின் வாய்க்குக் கீழே இருந்தது. கம்பி வலை தட்டையாக அமுங்கிப் பம்பின் வாயை மூடியிருந்தது. எஞ்சினுக்குள் ஒயில் நிறைய இருந்தது, நான் அளந்தேன், ஊற்றிய அளவுக்குக் குறைவில்லை. இருந்த ஒயிலை எடுக்கப் பம்புக்கு வழி இல்லை. மூன்றாவது பிஸ்டனின் அடிப் பெயரிங்கில் இருந்த வெள்ளை ஈயம் மெழுகுதிரி வடிந்தது போல உருகி வழிந்திருந்தது. பிஸ்டன் வளையங்களை எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக அசைந்தன. பிசின் இல்லை. அந்த லொறியில் பார்த்தது இங்கே ஒன்றுமில்லை. உள்ளே போன தேங்காயெண்ணெய் ஒரு மருந்துப் போத்தல் அளவுக்கு மேல் இருக்காது. திருடினவன் ஒரு மருந்துப் போத்தல் ஒயிலா திருடுவான்?

அப்படியானால் அந்த எண்ணெய் எப்படி வந்தது? அமுங்கின வலையைப் பாஸ் மெல்லப் பிரித்தார். அதன் மடிப்பில் இரண்டு நூல் சிக்கியிருந்தது. நகத்தின் நீளம், ஒரு நுனி கருகியது. அதைக் கோப்பையில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

"என்ன தெரியுது?"

எங்கள் துணியில் நூல் உதிராது. கருகிய நூல் எங்கள் கராஜில் எங்கே இருக்கிறது? நான் மூன்று தடவை பார்த்தேன்.

"விளக்குத் திரி" என்றேன்.

 பாஸ் தன் கழுத்தில் கிடந்த அன்னம்மாள் சுரூபத்தைத் தொட்டுக்கொண்டார். அப்போது எனக்கும் விளங்கியது. தலவில அன்னம்மாள் கோயிலில் திருநாள் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

அன்று பின்னேரம் மரியானே வந்தான். தோட்டத்திலிருந்து நடந்து வந்திருந்தான். என்னைக் கராஜின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். கண் கலங்கியிருந்தது.

"நானா, நான்தான் ஊத்துனேன். ஞாயித்துக்கிழம காலம கிளப்பக்குள்ள டக்கு டக்கெண்டு ஒரு சத்தம். துரை கேட்டா என்னைத்தான் ஏசுவார். திருநாளுக்குப் போனப்ப அன்னம்மாட விளக்குல இருந்து எண்ணெய் எடுத்துவந்தேன். பிள்ளையளுக்குச் சுகமில்லாட்டி நெஞ்சில தடவுவோம். காருக்கு எங்க தடவுற? அதான் ஒயில் ஊத்துற வாயால ஊத்தினேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "எவ்வளவு?" என்று கேட்டேன். விரலால் காட்டினான். மருந்துப் போத்தல்.

"அதுக்குப் பொறகு சத்தம் நிண்டுச்சு நானா" என்றான். அதை நான் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யார் ஓட்டினார்கள் என்று கேட்டேன். துரை. விருந்தாளிகள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, மரியானை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, கண்டக்குளியைத் தாண்டிக் கடற்கரை மணலில் ஓட்டிக் காட்டப் போனாராம். கல்லில் அடித்ததும், மீற்றர் முள் விழுந்ததும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. விருந்தாளிகளின் முன்னால் நிறுத்த வெட்கம் போல. திரும்பி வரும் ரோட்டில் எஞ்சினே நிறுத்திக்கொண்டது.

"நானா, என் பேரைச் சொல்லிப்போடாதீங்க" என்று கையைப் பிடித்தான். அடுத்த நிமிடமே, "இல்ல, சொல்லுங்க. உங்கள உள்ள போட்டா நான் எப்படி அன்னம்மாட முகத்தில முழிப்பேன்?" என்றான்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் எனக்கு ஆலோசனை சொன்னவர்களுக்குக் குறைவில்லை. முதலாளி கூப்பிட்டு, "தோட்டத்து வேலை போனா நம்மட கராஜ் நிக்காது ஹனீபா. ஒப்பத்த வெச்சிட்டுப் போ. ஒனக்குக் கொழும்பில இடம் பாத்துத் தாரேன்" என்றார். கூட்டாளிகள், மரியானின் பெயரைச் சொல்லு என்றார்கள். அவன்தானே ஊற்றினான், பொய்யா என்றார்கள். பொய் இல்லை. ஒரு பெயரைச் சொன்னால் நான் தப்பிவிடுவேன். துரைக்குத் தேவையானது ஒரு கள்ளன். நானாக இருந்தால் என்ன, மரியானாக இருந்தால் என்ன? அந்தக் கார் தேங்காயெண்ணெயால் நிற்கவில்லை. இல்லாத குற்றத்துக்கு எங்களில் யார் தலையைக் கொடுப்பது என்று நாங்களே எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். அதை நினைக்க நினைக்க எனக்கு எரிந்தது.

எரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் வாப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். நான் சின்னவனாக இருந்தபோது ஒரு நாள், உப்பு குறைகிறது என்று அவரைக் கந்தோருக்குக் கூப்பிட்டு இங்கிலீசில் எழுதின தாளில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். வைத்தார். வேலை போனது. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. மௌத்தாகும் வரைக்கும் ஊரில் சிலர் அவரை உப்புக் கள்ளன் என்றுதான் சொன்னார்கள். அவர் ஒருவரோடும் சண்டைக்குப் போனதில்லை. எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. அல்லாஹ் அவரை மன்னிப்பானாக, என்னையும் மன்னிப்பானாக. நான் ஒப்பம் வைக்கமாட்டேன் என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.

புதன்கிழமை காலை துரை வந்தார். மரியான்தான் லொறியை ஓட்டி வந்திருந்தான், எங்கள் கராஜ் கந்தோர் வாசலில் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான். உள்ளே துரை, செபமாலை பாஸ், நான். துரை கதிரையில் உட்கார்ந்து, தட்டச்சு அடித்த தாளை மேசையில் வைத்தார். பேனையை என் பக்கம் தள்ளினார்.

"பாஸ், என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

வாசித்தார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ரின்னிலிருந்து ஒயிலை எடுத்தேன், தேங்காயெண்ணெயைக் கலந்தேன், அதனால் எஞ்சின் அழிந்தது, என் சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறேன். அவர் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

நான் பேனையை எடுத்தேன். துரையின் முகம் தெளிந்தது. நான் தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன். எழுதியது எனக்கு இன்றும் பாடம்.

"துரையின் ரின்னிலிருந்து ஒயில் களவு போகவில்லை. எஞ்சினில் ஒயில் அளவு சரியாக இருந்தது. சம்பில் முருகைக்கல் அடித்து நசுங்கியிருக்கிறது. அதனால் ஒயில் பம்பின் வாய் அடைத்து மூன்றாம் பெயரிங் உருகியது. மீற்றர் முள் விழுந்த பிறகும் வண்டி ஓட்டப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டியவர் துரை."

கீழே என் முழுப் பெயரையும் எழுதி ஒப்பம் வைத்தேன்.  எழுத்து நேராகத்தான் விழுந்தது.

துரைக்குத் தமிழ் வாசிக்க வராது. தாளை பாஸிடம் நீட்டினார். அந்த நேரத்தில்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. பொலிசுக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. இந்த மனிதன் என் எழுத்தை மழுப்பி, நீர் ஊற்றி, துரைக்கு ஏற்ற மாதிரி ஏதாவது சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொன்னால் எனக்கு எப்படித் தெரியும்? வாப்பாவுக்குத் தெரிந்ததா?

எனக்குக் கொஞ்சம் இங்கிலீசு காதில் விழும். பாஸ் வாசித்தார். கல் என்ற சொல் வந்தது. பம்ப் வந்தது. ஞாயிறு என்ற சொல் வந்தபோது அவர் கொஞ்சம் நிறுத்தி, துரையின் முகத்தைப் பார்த்து, அதற்கடுத்த சொல்லையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

துரை எழும்பிவிட்டார். தேங்காயெண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கத்தினார். பாஸ் அதை எனக்குத் தமிழில் சொன்னார்.

"அது ஒரு மருந்துப் போத்தல் அளவு" என்றேன். "அத ஊத்தினது யாரெண்டு எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அதனால எஞ்சினுக்கு ஒண்டும் ஆகல்ல. வளையத்தக் கழட்டி வெச்சீக்கி, துரை வந்து பாக்கட்டும். சம்பையும் பாக்கட்டும்."

பார்க்க வரவில்லை. தாளை எடுத்தார், நான்காகக் கிழித்துத் தரையில் போட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். செபமாலை பாஸ் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். மேசை லாச்சியை இழுத்து, வேலைச் சீட்டுக் கட்டு ஒன்றை முழுதாக எடுத்து என் முன்னால் வைத்தார். பேனையை அவரே மையில் தோய்த்துக் கொடுத்தார்.

"எழுது தம்பி. அவர் கிழிக்கக் கிழிக்க எழுது. தாள் நெறைய இருக்கு."

அதே வசனங்களை எழுதினேன். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. ஒப்பம் வைத்து முடித்தவுடன் பாஸ் சீட்டைத் தன் பக்கம் இழுத்து என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். நான் அவரைப் பற்றி வருடக்கணக்காக நினைத்திருந்ததெல்லாம் நினைவுக்கு வந்து முகத்தில் சூடேறியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. சீட்டைத் துரையின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அமைதியாக இங்கிலீசில் சொன்னார். பழுது என்னவென்று சீட்டில் எழுதி, வாகனக்காரர் அதன் கீழே ஒப்பம் வைத்த பிறகுதான் இந்தக் கராஜில் வேலை தொடங்குவது வழக்கம். ஒப்பம் வைத்தால் இன்றைக்கே வெள்ளை ஈயம் வார்க்கலாம். விருப்பமில்லாவிட்டால் காரை இப்படியே மாட்டில் கட்டிக் கொழும்புக்கு இழுத்துப் போகலாம்.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் வெள்ளை ஈயம் வார்க்கத் தெரிந்த வேறு கராஜ் இல்லை. துரைக்கும் அது தெரியும். அவர் யன்னலருகே போய் நின்று ஒரு சிகரெட்டை முழுதாகப் புகைத்தார்.  பிறகு வந்து, உட்காராமலே, சீட்டில் ஒப்பம் வைத்தார். பேனையை அழுத்தின அழுத்தில் மை தெறித்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு லொறிக்குப் போய்விட்டார்.

பாஸ் மை காயும்வரை சீட்டை ஊதினார். நான் கந்தோரை விட்டு வெளியே வந்தேன். மரியான் வாசலில் அப்படியே நின்றான், லொறியில் துரை கூப்பிடுவதுகூட அவன் காதில் விழவில்லை.

"நானா, கள்ளன் யாரெண்டு எழுதினீங்க?"

"கள்ளன் ஒருத்தனும் இல்லையெண்டு எழுதினேன்" என்றேன். "துரை ஒப்பம் வெச்சீக்கி. போய் லொறிய எடு."